அப்பா எழுதினது மட்டும்

கண் வங்கியிலிருந்து வந்தவர் கையுறைகளைக் கழற்றி ஒரு பைக்குள் போட்டு முடிச்சுப் போட்டார். அம்மாவின் இமைகளுக்கு மேல் பஞ்சு வைத்திருந்தார். தூங்குவது போலெல்லாம் இல்லை. செத்துப்போனவள் போலத்தான் இருந்தாள். விடியற்காலை ஐந்தரைக்கு பாத்ரூம் வாசலில் விழுந்தவள். இப்போது மணி ஒன்பது.

“அம்மாவுக்குக் கண்ணுல ஆபரேஷன் ஏதாவது ஆயிருக்கா சார்?” என்று படிவத்தை நிரப்பியபடி கேட்டார்.

“ரெண்டு கண்ணுலயும் புரை எடுத்தோம். போன வருஷம்,” என்றான் உதயா. “எடுத்தும் சரியா தெரியலன்னுதான் சொல்லிட்டிருந்தாங்க.”

“பேப்பர் படிப்பாங்களா?”

“பைபிள் படிப்பாங்க. கம்ப்யூட்டர்தான் தெரியலன்னாங்க.”

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு ஒரு முறை அவனைப் பார்த்தார். பிறகு, “கண்ணு நல்லா இருந்துச்சு சார்,” என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பெட்டியுடன் படியிறங்கினார்.

ஃப்ரீசர் பாக்ஸ் வந்தது. இரும்புலியூர் வீட்டின் ஹால் சிறியது. பாக்ஸ் வைக்க இடம் வேண்டுமென்று கம்ப்யூட்டர் மேஜையை உள்ளறைக்கு நகர்த்தினார்கள். மானிட்டரின் மேல் அம்மா தைத்துப் போட்டிருந்த பூப்போட்ட உறை அப்படியே இருந்தது.

பதினோரு மணிக்கு பாஸ்டர் ஃபிரெடி வந்து ஜெபம் செய்தார். அடக்கம் நாலு மணிக்கு, அப்பாவின் கல்லறையிலேயே. அதற்கு முன் வீட்டு ஆராதனை. என்ன பாட்டு பாடலாம், அம்மா ஏதாவது சொல்லியிருந்தாளா என்று கேட்டார். உதயாவுக்குத் தெரியவில்லை. பெற்ற தாய்க்கு எந்தப் பாட்டு பிடிக்கும் என்று தெரியாமல் அவன் நிற்பதை உறவினர் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்துப் போர்ஷன் ஜான்சி அக்காதான் காப்பாற்றினாள். இரண்டு வருடமாக அம்மாவுக்குத் துணையாக இருந்தவள் அவள்தான். “பாட்டெல்லாம் உதயா அப்பா எழுதி வச்சிட்டுப் போயிகிறாராம் பாஸ்டர். கம்ப்யூட்டர்லதான் கீதுன்னு அம்மா சொல்லிகினே இருப்பாங்க. உதயா, நீதானே கம்ப்யூட்டர்காரன். போய்ப் பாரேன்.”

கம்ப்யூட்டர்காரன் என்று அவனை யாரும் கூப்பிட்டு நாளாயிற்று. இப்போது கூடுவாஞ்சேரிப் பக்கம் ஒரு குடோனில் பகல் வேலை. அவன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

அப்பா ஜீவானந்தம் மேற்குத் தாம்பரத்தில் ஆறு கம்ப்யூட்டர்களோடு நெட் சென்டர் வைத்திருந்தார். அப்போது இன்டர்நெட் என்றால் திரையில் இருக்கும் நீல ‘ஈ’தான். அதற்கு எக்ஸ்ப்ளோரர் என்று ஒரு பேர் இருப்பதே வருகிறவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. “அந்த ஈய அமுக்கு” என்பார்கள். பிளஸ் டூ ரிசல்ட் அன்று வரிசை ரயில்வே கேட் பக்கம் வரை போகும். தமிழ்ப் பத்திரிகைகளின் எழுத்தும் அதில் திறந்தால்தான் ஒழுங்காகத் தெரியும். வேறு எதில் திறந்தாலும் கிறுக்கல் வரும். அதனால் அப்பா வேறு பிரவுசரைத் தொட்டதில்லை. பிற்பாடு வேகமானவை வந்தன, பிறகு எல்லோர் கையிலும் போன் வந்தது. மூன்று பேர் வந்தார்கள், ஒருவர் வந்தார், கடை மூடியது. ஒரு கம்ப்யூட்டரை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

உதயாவுக்கும் சோறு போட்டது அந்த ஈதான். அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றின் பக்கங்கள் அந்தப் பிரவுசரில் மட்டும் கோணலாகத் தெரியும். அதைச் சரி செய்வதுதான் பதினோரு வருடம் அவன் பார்த்த நைட் ஷிஃப்ட். ஒன்றைச் சரி செய்தால் இன்னொன்று கோணும். அதைத் திட்டாமல் அவன் ஒரு ராத்திரிகூடத் தூங்கப் போனதில்லை. இரண்டாயிரத்து இருபத்திரண்டில் அந்தப் பிரவுசரையே நிறுத்திவிட்டதாக அறிவித்தார்கள். கம்பெனி அவனுடைய குழுவைக் கலைத்தது. வேறு குழு கொடுத்தார்கள். அவன் போகவில்லை.

அடுத்த வாரமே இந்த வீட்டுக்கு வந்து அம்மாவின் பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிவிட்டுப் புதிதாக ஒன்று வைத்தான். வேண்டாம் என்றாள். அந்த ஈ செத்துப்போச்சும்மா, வைரஸ் வரும் என்றான். ஃபைல்களை எல்லாம் மாற்றினான். சாவதற்கு முன் அப்பா அவளுக்கென்று எழுதி வைத்த, அவள் தினமும் காலையில் திறக்கும் பக்கத்தையும் அதே மூலையில் அதே இடத்தில் வைத்தான். திறந்து பார்க்கவில்லை.

இப்போது திறந்தான்.

è£¬ô õí‚è‹ என்று தொடங்கியது. கீழே திரை முழுக்க அதே மாதிரிக் கொம்பும் புள்ளியும் முளைத்த எழுத்துகள். ஒரு நொடிகூட ஆகவில்லை, அவனுக்குத் தெரிந்துவிட்டது. கடைசி வரை அப்பா பழைய எழுத்துருவிலேயே அடித்திருக்கிறார். அந்த ஈயில் மட்டும்தான் அது தமிழ்.

புதுக் கம்ப்யூட்டர் வைத்த ஒரு மாதத்தில்தான் அம்மா கண் மங்கிவிட்டது என்றாள். டாக்டரிடம் கூட்டிப் போனான். புரை இருக்கத்தான் செய்தது. ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிய வாரம் போனில் கூப்பிட்டாள்.

“எல்லாம் பளிச்சுன்னு தெரியுதுடா. அப்பா எழுதினது மட்டும் தெரியல.”

குடோனில் லாரி வந்து நின்றிருந்தது. “வயசானா அப்படித்தாம்மா. ஸ்கிரீன் பாக்காத, கண்ணுக்குக் கெடுதல்,” என்று வைத்துவிட்டான். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

பழைய எழுத்தைப் புது எழுத்தாக மாற்றிக் கொடுக்கும் பக்கங்கள் இணையத்தில் நிறைய உண்டு. மொத்தத்தையும் எடுத்து ஒன்றில் ஒட்டிப் பொத்தானை அமுக்கினான். இரண்டு நொடி.

‘காலை வணக்கம் பியூலா. மாத்திரை போட்டாயா? மோட்டாரைப் பத்து நிமிடத்துக்கு மேல் ஓடவிடாதே. மழை பலமாகப் பெய்தால் பின்வாசலில் மணல் மூட்டை போடச் சொல். ஞாயிற்றுக்கிழமை தனியாக உட்காராதே, பாட்டுக் குழுவுக்குப் போ. எனக்குப் பாடச் சொன்ன நூற்றிப் பன்னிரண்டாம் பாட்டையே உனக்கும் பாடட்டும், ஆனால் இப்போது அவசரமில்லை. பாஸ்டரை மூன்று சரணத்தோடு நிறுத்தச் சொல். ஜனங்கள் வெயிலில் நிற்பார்கள்.’

அடுத்த வரியை அவன் இரண்டு தடவை படித்தான்.

‘இதில் எழுத்து ஏதாவது தெரியாமல் போனால் உதயாவைக் கூப்பிடு. இந்த வேலையில் அவனுக்குத் தெரியாதது இல்லை.’

ஜான்சி அக்கா கதவைத் தட்டினாள். கிடைத்ததா என்று கேட்டாள்.

“நூத்திப் பன்னெண்டு,” என்றான்.

“கம்ப்யூட்டர்ல இருந்திச்சா?”

“இருந்துச்சுக்கா.”

“பார்த்தியா, நான் சொன்னேன்ல. பாவம், டெய்லி காத்தால அதும் முன்னாடிதான் குந்திகினு இருக்கும். தெரியல தெரியலன்னும், ஆனா எழுந்து வராது. மருந்து போட்டா தெரியும்னு தானா ஒரு நெனப்பு. என்னாண்டதான் வாங்கியாறச் சொல்லும்.”

“என்ன மருந்து?”

“கண்ணுக்குப் போட்ட சொட்டு மருந்துதான். நீதான் எழுதிக் குடுத்தேன்னு நெனச்சேன்.”

டாக்டர் ஆறு வாரத்துக்குத்தான் எழுதிக் கொடுத்திருந்தார்.

மூன்றரைக்கு ஆராதனை ஆரம்பித்தது. வெயில் இறங்கவில்லை. ஆட்கள் தெருவரை நின்றார்கள். மூன்று சரணத்தோடு நிறுத்தச் சொல்லி உதயா பாஸ்டரிடம் சொல்லவில்லை. முன் வரிசையில் ஓர் அத்தைக்குத் தலை சுற்றுகிறது, குளிர்ந்த தண்ணீர் கொண்டுவா என்று யாரோ சொல்லவும் சமையலறைக்குப் போய் ஃப்ரிட்ஜைத் திறந்தான்.

முட்டை வைக்கும் குழியில் மருந்துப் புட்டி நிமிர்ந்து நின்றது. திறந்தால் ஒரு மாதத்துக்கு மேல் வைக்கக் கூடாதென்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்ததால், திறந்த தேதியை அம்மா பேனாவால் அதன் மேல் எழுதியிருந்தாள். மணிமணியான கையெழுத்து. போன வியாழக்கிழமை.

ஹாலில் நான்காம் சரணம் பாடிக்கொண்டிருந்தார்கள். அவன் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு, முட்டைக் குழியில் புட்டி சாய்ந்துவிடாதபடி கதவை மெல்லச் சாத்தினான்.