நகமுள்ள மாடு

மேலாற்றுக்கரை நகராட்சிப் பூங்காவில் பதினான்கு வருடமாக விலாசினி செய்துவந்த வேலை ஒன்றே ஒன்றுதான். தும்பை முளைத்தால் பிடுங்குவாள். முக்குற்றி முளைத்தால் பிடுங்குவாள். வல்லாரை, மூக்கிரட்டை, முயல்செவி, சிறுபீளை என்று எது தலைகாட்டினாலும் வேரோடு இழுத்துக் குப்பைக் குழி ஓரமாக எறிவாள். குரோட்டன்ஸுக்கும் புல்தரைக்கும் எந்தத் தொந்தரவும் வரக்கூடாது என்பது ஓவர்சியர் சுகுணனின் கட்டளை.

அந்தச் சுகுணன் ஒருநாள் ஒரு தாளைத் தூக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தார். மேலிடத்து உத்தரவு. இனிப் பூங்காவிலும் பொது நிலத்திலும் நம் நாட்டுச் செடிகள் மட்டுமே இருக்க வேண்டும், வந்தேறிச் செடிகள் எல்லாம் வெளியேற வேண்டும்.

"நம்ம நாட்டுச் செடின்னா எது சாரே?" என்று விலாசினி கேட்டாள்.

சுகுணன் வாசித்தார். தும்பை, முக்குற்றி, வல்லாரை, மூக்கிரட்டை.

"இதத்தானே சாரே பிடுங்கச் சொல்லிக்கிட்டிருந்தீங்க. போன மாசம் ஒரு தும்பைய விட்டுட்டேன்னு மெமோ வேற குடுத்தீங்க."

"அது சும்மா முளைச்ச தும்பை. இது அரசாங்கத் தும்பை. ரெண்டும் ஒண்ணா?"

சுகுணனோடு பேசி ஜெயித்தவர்கள் யாரும் இதுவரை இல்லை. விலாசினி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு குப்பைக் குழிப் பக்கம் போனாள். பதினான்கு வருடமாக நாடு கடத்தப்பட்டதெல்லாம் அங்கே குடும்பம் குட்டியோடு செழித்துக் கிடந்தது. ஒவ்வொன்றாக மண்ணோடு பெயர்த்து, கூடையில் வைத்து, பழைய இடத்திலேயே கொண்டுபோய் நட்டாள். வேலி ஓரத்தில், கைபட்டால் அரைநாள் சொறியவேண்டிய கொடித்தூவையைக்கூட, துணியைக் கையில் சுற்றிக்கொண்டு ஏற்றிவிட்டாள். இரண்டு மாதத்தில் பூங்கா தளதளவென்று நின்றது.

அவள் இப்படி மாடாய் உழைத்ததற்குக் காரணம் இருந்தது. மாவட்டத்திலேயே சிறந்த நாட்டுச் செடிப் பூங்காவாகத் தேர்வானால், அந்தப் பூங்காவுக்கு ஒரு நிரந்தரத் தோட்டக்காரர் பணியிடம் உண்டு. அது விலாசினிக்குத்தான் என்று சேர்மன் பௌலோஸ் எல்லார் முன்னாலும் வாக்குக் கொடுத்திருந்தார். ஐம்பது வயது ஆன தினக்கூலிக்கு நிரந்தரம் கிடையாது என்பது விதி. விலாசினிக்கு அடுத்த மாதம் ஐம்பது. பரிசோதிக்க வருகிற தாவரவியல் நிபுணர் டாக்டர் ஷெரீனாவின் கையெழுத்து இந்த மாதமே விழுந்தால் உண்டு, இல்லையென்றால் சாகும்வரை மழைக்கு மழை வேலையில்லாமல் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

ஷெரீனா வருகிற தேதி ஆடி மாதமான கர்க்கடகம் ஏழு என்று கடிதம் வந்தது.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. செடிகளுக்குப் பெயர்ப்பலகை வைக்கவேண்டும் என்று உத்தரவில் கடைசியாக ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரியைத் தாவரவியல் பெயரோடு முடித்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் சுகுணனின் மாமனார் வைத்தியர். மாமனார் சொன்னதையெல்லாம் சுகுணன் சிவப்புப் பெயிண்டில் கொட்டை கொட்டையாக எழுதி, ஒவ்வொரு பாத்திக்கும் ஒரு பலகை நட்டுவிட்டார். 'வல்லாரை: மறதி போகும்.' 'சிறுபீளை: கல் கரையும்.' 'மூக்கிரட்டை: வீக்கம் வடியும், மூத்திரம் தாராளமாகப் போகும்.' 'கொடித்தூவை: பத்திலைத் தோரனுக்கு உத்தமம். வெந்தால் அரிக்காது.'

பலகை நட்ட நாள், கர்க்கடகம் பிறப்பதற்கு மூன்று நாள் முன்னால்.

கர்க்கடகம் பிறந்தால் மேலாற்றுக்கரையில் சாதி மதம் பார்க்காமல் எல்லார் உடம்பிலும் வலி பிறக்கும். எல்லார் வீட்டிலும் மருந்துக்கஞ்சி கொதிக்கும். பத்து வகை இலை நறுக்கி, தேங்காய் போட்டு வதக்கித் தோரன் வைக்காத வீட்டைப் பார்த்து அக்கம்பக்கம் முகம் சுளிக்கும். ஆனால் இலைக்கு எங்கே போவது? முற்றத்தில் எல்லாரும் சிமெண்ட் போட்டு மூன்று வருடம் ஆகிறது. போன வருடம்வரை கடையில் பொட்டலம் வாங்கி ஒப்பேற்றினார்கள். இந்த வருடம் நகராட்சியே பாத்தி கட்டி, வளர்த்து, எது எதற்கு என்று எழுதியும் வைத்திருக்கிறது.

முதல் நாள் காலை ஆறு மணிக்குப் பூங்கா வாசலில் பதினோரு பேர் நின்றார்கள். ஒரு பை மட்டும் கொண்டுவந்தவர்களைப் பார்த்து, இரண்டு பை கொண்டுவந்தவர்கள் சிரித்தார்கள்.

"சேச்சி, இதுல முயல்செவி எது?"

"அங்க, ஊதாப் பூ நிக்குதே, அதான். தொடக்கூடாது கேட்டியா. ஏழாந்தேதி மேடம் வராங்க."

"ரெண்டே இலை சேச்சி. எங்க அம்மாவுக்குத் தொண்டைக்கட்டு."

விலாசினி என்ன செய்வாள்? தொண்டைக்கட்டுக்காரியைத் துரத்த முடியுமா? இரண்டு இலை கொடுத்தாள். அடுத்தவளுக்கு மூட்டுவலி. அதற்கடுத்தவர் மறதிக்காக வந்திருந்தார், எந்தச் செடி என்பது மறந்துவிட்டது. ஐந்தாம் நாள் மாலைக்குள் வல்லாரைப் பாத்தியில் காம்பு மட்டும் நின்றது. கொடித்தூவை மொட்டையாக வேலியைப் பிடித்துக்கொண்டிருந்தது. பலகைகள் மட்டும் எந்தச் சேதமும் இல்லாமல் பளிச்சென்று நின்றன.

ஆறாம் தேதி சுகுணன் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். சிறிது நேரம் கழித்து எழுந்து, "மாடு மேஞ்சிடுச்சுன்னு சொல்லு" என்றார்.

"பலகையப் பத்திக் கேட்டா?"

"பலகையப் பத்தி நீ எதுக்கு வாயத் திறக்கற? மாடுன்னு சொல்லு. ஒரு மாடு இல்ல, ரெண்டு."

ஏழாம் தேதி டாக்டர் ஷெரீனா வந்தார். குடையை மடக்கிக் கையில் பிடித்துக்கொண்டு, பாத்தி பாத்தியாகக் குனிந்து பார்த்தார்.

"செடிங்க எங்க?"

"மாடு மேஞ்சிடுச்சு மேடம். ரெண்டு மாடு" என்றாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் விரலையும் நீட்டிக் காட்டினாள்.

ஷெரீனா ஒரு வல்லாரைக் காம்பைப் பிடித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். "வேர் அசையல. பக்கத்துல இருக்கற புல்ல ஒரு வாய்கூடக் கடிக்கல. முத்தின இலைய விட்டுட்டு, தளிரா பாத்து, கணுவுக்கு மேல கிள்ளியிருக்கு. உங்க ஊரு மாட்டுக்கு நகம் இருக்குமோ?"

சுகுணன் வானத்தைப் பார்த்தார். மழை வரும்போல இருக்கிறது என்றார். ஏற்கெனவே பெய்துகொண்டிருந்தது.

ஷெரீனா படிவத்தை எடுத்தார், பேனாவைத் திறந்தார், எதுவும் எழுதாமல் மூடிவைத்தார். "சாப்பாட்டுக்கு அப்புறம் பாக்கலாம்" என்றார்.

சாப்பாடு சேர்மன் பௌலோஸ் வீட்டில். பரிசோதனைக்கு யார் வந்தாலும் அங்கேதான் இலை போடுவார்கள். சேர்மனின் மனைவி அச்சாம்மா பரிமாற ஆள் போதவில்லை என்று விலாசினியையும் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். விலாசினியின் கண் முழுக்க அந்த எழுதாத படிவத்தின் மேல்தான் இருந்தது.

சிவப்பரிசிச் சோறு, மீன் கறி, மோர், ஓரத்தில் கொஞ்சம் தோரன். ஷெரீனா மீனைத் தள்ளிவைத்துவிட்டுத் தோரனையே சாப்பிட்டார். இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கினார். கண்ணை மூடி மென்றார்.

"இது கொடித்தூவை. நல்ல மழைத் தளிர். பத்து வருஷம் ஆச்சு இப்படி ஒண்ணு சாப்பிட்டு. எங்கே கிடைச்சுது அச்சாம்மா சேச்சி?"

அச்சாம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "நம்ம பார்க்குலதான் மோளே. இந்த விலாசினிதான் கையில துணி சுத்திக்கிட்டு, தளிரா பாத்துக் கிள்ளிக் குடுத்தா. தங்கமான பொண்ணு."

பௌலோஸின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. சுகுணனுக்குப் புரை ஏறியது. ஷெரீனா மெல்வதை நிறுத்தி, விலாசினியை நிமிர்ந்து பார்த்தார்.

இனி ஒளிக்க ஒன்றும் இல்லை. விலாசினி தட்டைக் கீழே வைத்தாள்.

"மாடு இல்ல மேடம். ஊரு ஜனம். நானும்தான் கிள்ளினேன், எங்க வீட்டுக் கஞ்சிக்கும் எடுத்தேன். வேணாம்னுதான் சொன்னேன் மேடம், கெட்டியா சொல்ல வரல. பதினாலு வருஷமா அங்க நிக்கறேன். ஒரு ஆளு வந்து விலாசினி, இது என்ன செடின்னு கேட்டதில்ல. என் பேரே பாதிப் பேருக்குத் தெரியாது. இந்த ஒரு வாரம் எல்லாரும் சேச்சி சேச்சின்னு கேட்டாங்க. எது எது, எப்படிக் கிள்ளணும், எதுக்கு ஆகும்னு கேட்டாங்க. எனக்குத் தெரிஞ்சதையெல்லாம் சொன்னேன். சந்தோஷமா இருந்துச்சு. கையெழுத்துப் போட வேணாம்னா போட வேணாம் மேடம்."

சொல்லி முடித்தாள். அழக்கூடாது என்று மோர்ப் பாத்திரத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

பௌலோஸ் செருமினார். "பொதுச் சொத்துக்குச் சேதம்னு எழுதிடாதீங்க மேடம். சேதத்துல பாதி இந்த மேசையிலதான் இருக்கு. உங்க இலையிலயும் கொஞ்சம்."

ஷெரீனா தன் இலையைப் பார்த்தார். தோரன் ஒரு கவளம்தான் மிச்சம் இருந்தது. அதையும் எடுத்து நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனார். திரும்பி வந்து படிவத்தைப் பிரித்தார். ஏழாவது கேள்வி, நடப்பட்ட செடிகளைப் பொதுமக்கள் அடையாளம் கண்டுகொள்கிறார்களா என்பது. மாவட்டத்தில் அதுவரை பார்த்த பதினொரு பூங்காவிலும் அந்தக் கட்டத்தில் அவர் 'இல்லை' என்றே எழுதிவந்திருந்தார்.

"கண்ணை மூடிக்கிட்டு அடையாளம் கண்டுபிடிச்சுக் கிள்ளறாங்க" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே 'ஆம்' என்று எழுதினார். எழுதிவிட்டு, "கொடித்தூவை மறுபடி எப்பத் தளிர்க்கும்?" என்று கேட்டார்.

"வேரை யாரும் தொடல மேடம். இந்த மழைக்கு அஞ்சு நாள் போதும்."

"அப்ப எனக்கு ஒரு கைப்பிடி எடுத்து வை. அம்மாவுக்கு முழங்கால் வலி."

விலாசினி தயங்கினாள். பிறகு புடவை மடிப்பிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து, மேசையில் விரித்து, எச்சில் படாத ஓரத்தில் வைத்தாள். வரிசையாகப் பெயர்கள் இருந்தன.

"அப்படிக் குடுக்க முடியாது மேடம். உங்களுக்கு முன்னாடி பதினேழு பேரு பேர் குடுத்திருக்காங்க. பதினெட்டாவதா நீங்களே எழுதுங்க."

சுகுணன் கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஷெரீனா பேனாவை எடுத்து, அந்தத் தாளின் அடியில் தன் பெயரை எழுதினார். முழங்கால் வலி என்று பக்கத்தில் காரணமும் எழுதினார். அந்த மை காய்வதற்குள் படிவத்தை இழுத்து, அதிலும் கையெழுத்துப் போட்டார்.