ஓலைக்கு முத்தம்

ஆரியசாலையில் மீன்காரி கூடையோடு தெருமுனை திரும்பினாலே ஜன்னலைச் சாத்திவிடும் வீடுகள் நாலைந்து உண்டு. அவற்றில் முதலில் சாத்துவது மங்கலத்தின் வீடு. சாத்துவதோடு நிற்காமல் வாசலில் ஒரு செம்பு தண்ணீரும் தெளிப்பாள். திருநெல்வேலிச் சைவ வீட்டில் பிறந்து, அதைவிடக் கெடுபிடியான இன்னொரு சைவ வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கும் திருவனந்தபுரத்தில் குடியிருந்துகொண்டு, மீன் என்று ஒன்று உலகத்திலேயே இல்லாததுபோல எட்டு வருஷத்தை ஓட்டிவிட்டாள். அப்பேர்ப்பட்டவளின் கையில்தான் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் ஞானையன் அந்தப் பாட்டிலைக் கொடுத்தார்.

"சுறா எண்ணெயாக்கும். பயப்படாண்டாம்," என்றார். "பிள்ளைக்கு மாலைக்கண் தொடங்கியிருக்கு. ரெண்டு நேரமும் ஒவ்வொரு ஸ்பூன், பதினஞ்சு நாள். இப்பமே கொடுத்தா கண்ணு நிக்கும். தாமசிச்சா கருவிழி வெந்துபோயிரும் அம்மா. பின்னே யாராலயும் ஒண்ணும் செய்ய ஒக்காது."

பிள்ளை சூடாமணி அவள் இடுப்பில் இருந்தாள். நாலு வயது. போன மாதம் மணல்வாரி அம்மை போட்டு எழுந்தவள். பத்தியம் என்று மூன்று வாரம் பாலையும் நெய்யையும் கீரையையும் கண்ணில் காட்டவில்லை. உலகச் சண்டைக்காலம் வேறு, அரிசி கிடைக்காமல் ஊரே மரச்சீனிக்கிழங்கைத் தின்றுகொண்டிருந்தது, பிள்ளைக்கும் அதுதான். அம்மை இறங்கிய மறுவாரம் ஒருநாள் விளக்கு வைக்கிற நேரத்தில், "அம்மா, ஏன் இருட்டாக்கிட்டே?" என்று கேட்டாள். விளக்கு அவள் முகத்துக்கு நேரே எரிந்துகொண்டிருந்தது. 

அவள் புருஷன் நெல்லையப்பன், சாலைக் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் வேலையாயிருந்தான். சிவதீட்சை வாங்கியவன். நல்லவன், கை ஓங்கமாட்டான், குரலை உயர்த்தமாட்டான். அப்படிப்பட்டவனோடு சண்டை போடவும் முடியாது, அதுதான் தொல்லை. மங்கலம் கம்பவுண்டர் சொன்னதை மட்டும் சொன்னாள், பாட்டில் கையில் இருப்பதைச் சொல்லவில்லை.

"ஏளா, மீனெண்ணெயா? சாமி இருக்க வீட்டுக்குள்ளயா?" என்று அவன் பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே கேட்டான். "அகத்தியும் பொன்னாங்கண்ணியும் கண்ணுக்குத்தானே சொல்லியிருக்கு. அதைக் கொடுத்துப் பாரு. கேக்கலேன்னா அப்பம் பாப்போம்."

அவளுக்கும் அதுதான் வேண்டியிருந்தது. பழியை முழுக்க அவன் தலையில் போட்டுவிட முடியாது. பாட்டிலைத் தொட்ட கையை மூன்று தடவை சீயக்காய் போட்டுக் கழுவியவள் அவள்தான். ஆனாலும் தூக்கி எறிய மனம் வரவில்லை. பழந்துணியில் சுற்றிக் கிணற்றடியில் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் வைத்துவிட்டு, தனக்குத்தானே ஒரு கெடு வைத்துக்கொண்டாள். தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் பிள்ளையைச் சோதித்துப் பார்ப்பது. கீரைக்குக் கண் தெளியவில்லை என்றால், சாமியாவது பூதமாவது, எண்ணெயைக் கொடுத்துவிடுவது.

சோதிக்க வழியும் வீட்டிலேயே இருந்தது. பக்கத்துத் தெருவில் சின்னப்பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கும் ரத்னாபாய் டீச்சரிடம், விஜயதசமிக்குப் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க இப்போதே என்ன சொல்லிக்கொடுக்கலாம் என்று மங்கலம் முன்பே கேட்டிருந்தாள். "எழுத்து ஒண்ணும் படிப்பிக்காண்டாம். கை பழகட்டும். விதை அடுக்கட்டும், ஓலை பின்னட்டும், நிறம் பிரிக்கட்டும்," என்று டீச்சர் சொல்லியிருந்தாள். அன்றையிலிருந்து வீடு வீடாக இல்லை. சிரட்டை சிரட்டையாக மஞ்சாடிக்குரு விதை, களிமண்ணில் செய்த எலுமிச்சம்பழம், ஓலைப்பாம்பு, ஓலைக் காற்றாடி, நெல்லையப்பன் காலில் குத்துகிற புளியங்கொட்டை. அம்மைக்காலத்து மூன்று வாரமும் பிள்ளை சொறியாமல் கிடந்தது இந்த விளையாட்டுகளால்தான்.

குருத்தோலையைச் சன்னமாகக் கிழித்து மூன்று சாயம் ஏற்றியிருந்தாள். மஞ்சளுக்கு மஞ்சள். சிவப்புக்கு மருதாணி. பச்சைக்கு அகத்திச்சாறு. இந்த மூன்றையும் கலந்து வைத்துவிட்டால், நிறம் நிறமாகப் பிரித்து, அம்மா பிடித்துக்கொள்ள, மேலும் கீழுமாக நுழைத்து உள்ளங்கை அகலத்தில் ஒரு பாய் பின்னுவாள் சூடாமணி.

முதல் நாள் சாயங்காலம் ஓலைகளை முன்னால் பரப்பி, "மஞ்சள் எடு மக்கா," என்றாள் மங்கலம். பிள்ளை தரையைத் தடவிச் சிவப்பை எடுத்தாள். "பச்சை?" மறுபடியும் சிவப்பு.  மங்கலம் பிள்ளையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி அழுதாள். சூடாமணி பயந்துபோய் அம்மாவின் முகத்தைக் கையால் தேடித் துடைத்தாள்.

"அழாதம்மா. நாளைக்குச் சரியா எடுக்கேன்."

மறுநாள் பாதிக்குப் பாதி சரியாக எடுத்தாள். மூன்றாம் நாள் ஒன்றுகூடத் தப்பவில்லை. மஞ்சள் என்றால் மஞ்சள், பச்சை என்றால் பச்சை. புதிதாக ஒரு கொஞ்சலும் சேர்ந்துகொண்டது. ஒவ்வொரு ஓலையையும் எடுத்து முகத்தோடு சேர்த்து 'உம்ம' என்று ஒரு முத்தம் கொடுத்துவிட்டுத்தான் அம்மாவிடம் நீட்டுவாள். மங்கலத்துக்குத் தலைகால் புரியவில்லை. சாமி அலமாரிக்கு முன்னால் விழுந்து கும்பிட்டாள்.

"பாத்தியா, அகத்தி வேலை செய்யுது," என்றான் நெல்லையப்பன். அவனுக்கும் கண் கலங்கியிருந்தது.

அகத்தி எங்கே வேலை செய்தது? பாதியைப் பிள்ளை துப்பினாள். உள்ளே போன மிச்சமும் கிழங்கோடு சேர்ந்து பேதியாகப் போயிற்று. கால் குச்சி குச்சியாக இருந்தது. துணி அலசியவள் மங்கலம்தான், அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் சாயங்காலம் ஆனால் பிள்ளை ஓலைக்கு ஓலை முத்தம் கொடுத்துச் சரியாகப் பிரித்தாள். அதற்குமேல் ஒரு தாய் எதைப் போய்த் தோண்டித் துருவுவாள்! கிணற்றடிக்குப் போகும்போதெல்லாம் கல்லுக்குப் பின்னால் ஒரு தடவை பார்ப்பாள். துணி அப்படியே இருக்கும். இன்னும் ஒரு நாள் பார்ப்போம் என்று திரும்பிவிடுவாள்.

எட்டாம் நாள் சாலைச் சந்தையில் ஞானையன் எதிரே வந்துவிட்டார்.

"எண்ணெய் கொடுக்கியளா அம்மா?"

"ம்," என்றாள்.

"சாயங்காலம் பிள்ளைக்குத் தெரியுதா?"

"நல்லாத் தெரியுது. நிறம்கூடப் பிரிக்கா."

அந்த மனுஷர் தன் பிள்ளை பரீட்சையில் பாஸான மாதிரிச் சந்தோஷப்பட்டார். "அப்பம் எண்ணெய் பிடிச்சிட்டு! நிறுத்தாண்டாம் கேட்டியளா. வெளிச்சம் கண்டு கண்ணு கூசினா மட்டும் அன்னைக்கே கொண்டு வரணும்."

மறுநாள் காலையில் முற்றத்து வெயிலுக்குச் சூடாமணி கண்ணை இறுக்கிக்கொண்டு உள்ளே ஓடினாள்.  மங்கலம் பிள்ளையின் முகத்தை நிமிர்த்திப் பார்க்கப் போனாள். அது கத்திக்கொண்டு முந்தானைக்குள் ஒளிந்தது. அம்மை வந்த கண், சூடாக இருக்கும் என்று தானே சொல்லிக்கொண்டு ஜன்னலைச் சாத்தினாள். சாயங்காலம் எப்போது வரும் என்று காத்திருந்து ஓலையைப் பரப்பினாள். ஒன்றுகூடத் தப்பவில்லை. அப்பாடா என்று அவளுக்கு உயிர் வந்தது.

பத்தாம் நாள் பின்னிய பாய் ரொம்ப அழகாக அமைந்துவிட்டது. நெல்லையப்பன் அதை விபூதிக் கிண்ணத்துக்கு அடியில் விரித்தான். மிச்ச ஓலைகளைப் பாச்சை அரிக்காமல் இருக்கட்டும் என்று சாம்பிராணியும் கற்பூரமும் வைக்கிற தகரப்பெட்டிக்குள் போட்டு மூடினான். பிள்ளைமேல் உள்ள ஆசையில் செய்ததுதான்.

பதினோராம் நாள் வெள்ளிக்கிழமை. நெல்லையப்பன் சீக்கிரமே கடையிலிருந்து வந்து பூஜைக்கு உட்கார்ந்திருந்தான். மங்கலம் தகரப்பெட்டியிலிருந்து ஓலைகளை எடுத்துப் பரப்பினாள்.

"சிவப்பு எடு மக்கா."

சூடாமணி ஓர் ஓலையை எடுத்து முத்தம் கொடுத்தாள். கீழே வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தாள். அதற்கும் முத்தம். அதையும் வைத்தாள். கை வேகவேகமாகத் தரையைத் துழாவியது. ஒன்றை எடுத்து மூக்கோடு வைத்து அழுத்தினாள், மூச்சை இழுத்தாள், எறிந்தாள், இன்னொன்றை எடுத்தாள். உதடு பிதுங்கிவிட்டது.

"அம்மா, எல்லாத்துலயும் சாமி மணம் அடிக்கு," என்று அழுதாள். "மருதாணி மணத்தைக் காணோம். மஞ்சளையும் காணோம்."

 மங்கலத்துக்கு எட்டு நாள் முத்தமும் கண்முன்னால் வந்து நின்றது.

"மோந்து பாத்தா எடுத்தே? இத்தனை நாளும்?"

"தப்பா எடுத்தா நீ அழுவேல்லா."

மங்கலம் எழுந்து ஓடினாள். அடுக்களை வாசற்படி தட்டி விழுந்தாள், எழுந்தாள், கிணற்றடியில் கல்லுக்குப் பின்னால் கையை விட்டாள். துணியைப் பிய்த்து எறிந்தாள். தக்கை இறுகியிருந்தது. பல்லால் கடித்துப் பிடுங்கினாள். பிறந்ததிலிருந்து அவள் நாக்கு அறியாத அந்த நாற்றம் வாயெல்லாம் நிறைந்தது. துப்பக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. ஸ்பூனில் ஊற்றிப் பிள்ளையின் வாயில் புகட்டினாள். பிள்ளை குமட்டிக் கக்கியது. மறுபடியும் ஊற்றினாள்.

வீடெல்லாம் மீன் நாற்றம். மணி ஆட்டிக்கொண்டிருந்த நெல்லையப்பன் அப்படியே நிறுத்திவிட்டு வெளியே வந்தான்.

"என்னளா இது?"

"நான்தான் வச்சிருந்தேன். பதினோரு நாளா கல்லுக்குப் பின்னால. பிள்ளைக்குத் தெரியலங்க. மோந்து மோந்து எடுத்திருக்கு. நான் அழுவேன்னு..." 

நெல்லையப்பன் உள்ளே போய்ச் சாமிக்கு முன்னால் இருந்த விளக்கையே எடுத்துவந்தான். பிள்ளையின் இமையை விரலால் பிரித்து, விளக்கைக் கிட்டத்தில் பிடித்தான். வலது கண் காய்ந்துபோயிருந்தது. இடது கண்ணில் கருவிழி புகை படிந்த சிம்னி மாதிரி மங்கிக் கிடந்தது. விளக்கைக் கீழே வைத்தான்.  தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, விபூதி பூசிய மார்போடு பிள்ளையைச் சாய்த்துக்கொண்டான்.

"வாயைத் திற மக்கா," என்றான். "அப்பா மூக்கைப் பிடிச்சுக்கிடுதேன். நீ ஊத்துளா."

விடிந்ததும் விடியாததுமாக இருவரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். டாக்டர் பார்த்துவிட்டு வலது கண் தப்பும், இடது கண்ணைப் பதினைந்து நாள் போனால்தான் சொல்ல முடியும் என்றார். ஞானையன் மருந்து ஊற்றிக் கட்டுப்போட்டார். கட்டுப்போட்டு முடிக்கும்வரை மங்கலத்தின் பக்கம் திரும்பவில்லை.

"எண்ணெய் உங்களுக்கு அருவருப்பா இருந்திருக்கும், அது எனக்குத் தெரியும்," என்றார் கடைசியில். "என்கிட்டச் சொல்லியிருந்தா நானே தினமும் கொண்டுவந்து வாசல்ல நின்னு ஊத்திட்டுப் போயிருப்பேனே அம்மா. சந்தையில ஏன் பொய் சொன்னிய?"

 

பதினைந்து நாளும் இரண்டு நேரமும் எண்ணெய் கொடுத்தாள். ஜன்னலைச் சாத்தவில்லை. பேதி நின்று பிள்ளையின் கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்தது. பதினாறாம் நாள் நெல்லையப்பன் கடையிலிருந்து கிழிசல் துண்டுகள் கொண்டுவந்தான். ஒரே துணி, ஒரே அளவு. சிவப்பு, மஞ்சள், பச்சை. கஞ்சி மணத்தைத் தவிர வேறு மணம் எதிலும் கிடையாது.

விளக்கு வைக்கிற நேரம். கட்டு அவிழ்த்தாயிற்று. மங்கலம் துண்டுகளைப் பரப்பினாள்.

"மஞ்சள்."

எடுத்தாள்.

"பச்சை."

எடுத்தாள். மூக்குக்கிட்டே கொண்டுபோகவில்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்து, கோழி பார்க்கிற மாதிரி வலது கண்ணால் பார்த்து எடுத்தாள். நெல்லையப்பன் "சிவசிவா" என்று மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான்.

மங்கலம் தன் உள்ளங்கையால் பிள்ளையின் வலது கண்ணை மூடினாள்.  மற்றக் கையால் ஒரு துண்டை எடுத்து இடது கண்ணுக்கு நேரே பிடித்தாள்.

"இது என்ன நிறம் மக்கா?"

 சூடாமணி முகத்தை மெல்ல முன்னால் நீட்டினாள், துணி மூக்கில் படும்வரை. மோந்தாள். மறுபடியும் மோந்தாள்.

"மோந்து பாக்காதே, கண்ணு. தெரியலேன்னா தெரியலேன்னு சொல்லு. அம்மா அழமாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அந்தக் கண்ணின் நடுவில் வெள்ளையாகப் பூ விழுந்திருந்தது. பிள்ளை அம்மாவின் முகம் இருக்கும் பக்கமாகத் தலையைத் திருப்பினாள்.

"தெரியலம்மா," என்றாள்.

சொல்லிவிட்டுக் கையை நீட்டி, அம்மாவின் கன்னத்தைத் தேடித் தடவிப் பார்த்தாள். கன்னம் காய்ந்துதான் இருந்தது.