மூன்றாவது அறையில் விழும் மெயினருவி

சென்னையில் ஒரு புகைப்படக் கூடத்தின் மூன்றாவது அறையில், குற்றாலத்தில் சீசன் தொடங்குகிற அன்றைக்கு ஆண்டு தவறாமல் தரை நனைந்துவிடும். கிழக்குச் சுவரில் மாட்டியிருக்கும் ஆள் உயரப் படத்திலிருந்து தண்ணீர் வழிகிறது. படத்தில் இருப்பது மெயினருவி; கீழே நாற்பத்தொரு ஆண்கள் குளிக்கிறார்கள். முதல் வருடம் கூடத்துக்காரர்கள் சுவரை இடித்துப் பார்த்தார்கள், பிளம்பரைக் கூப்பிட்டார்கள், படத்தின் கண்ணாடியைக்கூட மாற்றினார்கள். இலஞ்சியைச் சொந்த ஊராகக் கொண்ட காவலாளி குத்தாலிங்கம், ஈரத்தை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது நம்ம மெயினருவித் தண்ணியில்லா" என்றார். அதன் பிறகு பிளம்பர் வரவில்லை. ஒரு பச்சை பிளாஸ்டிக் வாளி வாங்கி வைத்தார்கள்.

அந்த நாற்பத்தொரு பேரில் முதுகைக் காட்டி நின்றவன் தென்காசி பீர் மைதீனின் ஒரே மகன் ரிஃபாத். 2016 ஜூலையில் ஒரு சனிக்கிழமை மதியம், சென்னைப் போட்டோக்காரர் ஒருவர் எடுத்த படம் அது. அன்றைக்கு ஈரத் தலையோடு பைக்கில் வீடு திரும்பியவன்மீது, புளியங்குடியிலிருந்து எலுமிச்சை ஏற்றி வந்த லாரி மோதியது. இருபத்திரண்டு வயது. பீர் மைதீன் அப்போது சவூதியின் தம்மாமில் ஏசி மெக்கானிக். பாஸ்போர்ட் முதலாளியிடம் இருந்தது, கைக்கு வர இரண்டு நாளாகும். அடக்கம் பண்ணாமல் காத்திருக்கவா என்று பள்ளிவாசல் ஜமாத்தார் போனில் கேட்டார்கள். முறை தவறாத மனிதர், முறைப்படியே பதில் சொன்னார்: "என்னய எதிர்பாக்காதீய. மய்யித்தக் காக்க வைக்கக் கூடாது. எடுத்துருங்க."

மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த உடலைக் குளிப்பாட்டி, கபன் துணி சுற்றி, முகத்தை மட்டும் திறந்து வைத்தார்கள். தெருவே வரிசையில் வந்து முகம் பார்த்தது. வெண்டைக்காய் விற்க வந்தவர்கூட வண்டியை ஓரங்கட்டிவிட்டு வந்து பார்த்துப் போனார். பெற்ற தகப்பன் பார்க்கவில்லை. மய்யித்தைப் போட்டோ எடுக்கும் வழக்கம் அந்த வீட்டில் இல்லை, சுவரில் படம் மாட்டும் வழக்கமும் இல்லை. நாலாம் நாள் அவர் வந்து இறங்கியபோது கபரின் ஈரமண் காய்ந்திருந்தது. செல்போனில் மகனின் முகங்கள் எத்தனையோ இருந்தன. அவையெல்லாம் சிரித்துக்கொண்டும் காசு கேட்டுக்கொண்டும் இருந்த முகங்கள், கடைசி முகம் இல்லை. அவசரப்பட்டுச் சொன்ன "எடுத்துருங்க" என்ற அந்த ஒற்றை வார்த்தை அவரை உட்கார்ந்த இடத்தில் அரித்தது. அவர் தம்மாமுக்குத் திரும்பவேயில்லை.

அடுத்த வருடம் ஒரு வாரப் பத்திரிகையில், சென்னைக் கூடத்தில் மாட்டியிருக்கிறது என்ற குறிப்போடு அந்தப் படம் வந்தது. இடது தோளில் எலுமிச்சை இலை அளவுக்கு ஒரு மச்சம். "இது நம்ம புள்ள முதுகுல்லா" என்றார் மனைவி ஜாஹிரா பீவி. அப்படி ஒரு மச்சம் இருப்பதே பீர் மைதீனுக்குத் தெரியாது. பதினேழு வருடம் வெளிநாட்டில் இருந்தவர் மகனின் முதுகை எங்கே பார்த்தார்? சேர்ந்தே போவோம் என்று கூப்பிட்டார். ஜாஹிரா மறுத்துவிட்டார். "நான் மொகம் பாத்தவ. பாக்காதது நீங்கதான். போயிட்டு வாங்க."

பொதிகை எக்ஸ்பிரஸில் காலையில் எழும்பூர் இறங்கினார். கூடம் திறக்கப் பதினொரு மணியாகும் என்பதால் பக்கத்து அருங்காட்சியகத்துக்குள் போனார். அங்கே ஆயிரம் வருடத்துச் சிலைகளின் முகங்கள், யாரென்றே தெரியாத துரைமார்களின் முகங்கள். வந்தவர்கள் ஒவ்வொன்றின் முன்பும் நின்று நிதானமாகப் பார்த்தார்கள். யார் பெற்ற பிள்ளைகளுக்கோ இத்தனை பேர் முகம் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே வெளியே வந்தார். பிறகு கூடத்துக்குப் போய், மகனின் முதுகைச் சாயங்காலம் வரை பார்த்துவிட்டு ரயிலேறினார்.

இரண்டாவது வருடம் சீசனுக்குப் போனபோது ரிஃபாத்தின் வலது காது தெரிந்தது. "போன வருசம் காது தெரியலல்லா, பாய்?" என்று குத்தாலிங்கமே கேட்டார். மூன்றாவது வருடம் கன்னத்தின் ஓரம் தெரிந்தது. அருவி நிறைய விழுந்தால் அதிகமாகத் திரும்பினான், மழை பொய்த்தால் நெல்லளவு. கொரோனா வருடத்தில் குற்றாலத்தில் குளிக்கத் தடை. படத்திலும் நாற்பது பேர் வெளியேறிவிட்டார்கள். பூட்டிய கூடத்திலிருந்து குத்தாலிங்கம் போன் பண்ணினார். "ஒங்க பையன் மட்டும் ஒத்தையில நிக்கான், பாய். நான் பக்கத்துலதான் இருக்கேன், வெசனப்படாதீய." பீர் மைதீன் போனைக் காதிலிருந்து எடுக்காமலே அழுதார்.

தடை நீங்கியதும் மற்ற நாற்பது பேரும் படத்துக்குத் திரும்பினார்கள். போன வருடம் அருவி எதிரேயுள்ள பாலத்தைத் தொட்டு விழுந்தது. பீர் மைதீன் மூன்றாவது அறைக்குள் நுழைந்தபோது மகன் முழுவதும் திரும்பியிருந்தான். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கண்ணாடியில் வழிந்த தண்ணீரைத் துடைத்தார். மகனின் கண்கள் மூடியிருந்தன. முகத்தைச் சுற்றிலும் தண்ணீர் வெள்ளையாக, கபன் துணி போல விழுந்துகொண்டிருந்தது. உதட்டுக்கு மேலே, போனில் ஒருநாளும் தெரியாத சின்னத் தழும்பு ஒன்று இருந்தது. வெகுநேரம் பார்த்தார். அவர் நின்ற விதத்தைக் கண்டு, படம் பார்க்க வந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு, யாரும் சொல்லாமலே அவர் பின்னால் வரிசை கட்டினார்கள். அவர் விலகியதும் ஒவ்வொருவராக முன்னால் வந்து, முகம் பார்த்து, தலை குனிந்து நகர்ந்தார்கள். கடைசியாகக் குத்தாலிங்கம் தொப்பியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். பிறகு எல்லோரும் பீர் மைதீனைப் பார்த்தார்கள். அவர் படத்தை இன்னும் ஒருமுறை பார்த்துவிட்டு, "எடுத்துருங்க" என்றார்.

ஊருக்கு வந்ததும் ஜாஹிரா பீவி தண்ணீர்ச் செம்பைக் கொடுத்துவிட்டு, "பாத்தீயளா?" என்று கேட்டார்.

"பாத்தேன். குளிச்ச மொகம். கண்ண மூடியிருந்தான்."

"அன்னைக்கும் அப்பிடித்தான் இருந்தான்" என்றார் ஜாஹிரா. மகனின் கடைசி முகம் எப்படி இருந்தது என்று இத்தனை வருடத்தில் அவர்கள் பேசியது அதுவே முதல் முறை. அன்று வீட்டில் இருவரும் சாப்பிடவில்லை.

கூடத்தின் பட்டியலில் அந்தப் படத்துக்குக் கீழே நாற்பது பேர் என்று திருத்திவிட்டார்கள். ரிஃபாத் நின்ற இடத்தில் இப்போது பாறை தெரிகிறது, அதன்மேல் தண்ணீர் விழுகிறது. இந்த ஜூனிலும் தரை நனைந்தது. குத்தாலிங்கம் பச்சை வாளியைக் கொண்டுவந்து வைத்தார்.