துறைமுகத்துக் கடைசி பஸ்

மேற்கே மலை, கிழக்கே துறைமுகம், நடுவில் இந்த ஊர். மலையிலிருந்து வரும் எந்த பஸ்ஸும் இதைத் தாண்டிப் போகாது. துறைமுகத்திலிருந்து வருவதும் அப்படியே. எந்தக் காலத்திலோ சாலை போட வந்த இன்ஜினீயர் இங்கே வயிறு கெட்டுப் படுத்துவிட்டாராம். அவர் எழுந்திருக்கும்வரை இரண்டு பக்கத்து வேலையும் இங்கேயே நின்றதாம். அப்படியே டெப்போவும் நின்றுவிட்டது. ஊரின் சரித்திரம் அவ்வளவுதான். மண்ணில் புல் பூண்டு முளைக்காது. விளைவதெல்லாம் பயணிகளின் காத்திருப்புதான்.

அந்த விளைச்சலுக்குத் தண்ணீர் பாய்ச்சியவர் லாட்ஜ்காரர். பஸ் நிலைய வியாபாரிகள் சங்கத்தின் தலைவரும் அவரே. மாலையில் மலை பஸ் உள்ளே நுழைவதற்குச் சற்று முன்னால் துறைமுகத்துக் கடைசி பஸ் கிளம்பிவிடும். அது அவர் மூளையில் உதித்த ஏற்பாடு. அதற்காக டைம்கீப்பருக்கு மூன்று வேளையும் லாட்ஜில் ஓசிச் சாப்பாடு. பஸ்ஸைக் கோட்டைவிட்ட கூட்டம் டீ குடிக்கும், கட்டணக் கழிப்பிடத்தில் வரிசை கட்டும், கடைசியில் லாட்ஜில் வந்து விழும். வாடகைக் கார்க்காரர்கள் இரண்டு பேர் தலைகாட்டியபோது சங்கம் அவர்களை ஊரைவிட்டே விரட்டியது. தலையில் கைவைத்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களிடம் லாட்ஜ்காரரே போய் ஆறுதல் சொல்வார்: “கவலைப்படாதீங்க, காலையில முதல் பஸ் இருக்கு.” குரலில் தேன் ஒழுகும். பொல்லாத மனுஷர்!

ஊர்க்காரர்கள் யாரும் அந்த பஸ்ஸைத் தவறவிட்டதே இல்லை. இங்கேயே ஏறுகிறவர்களுக்கு என்ன கவலை? அதனால்தான் மலைக் கல்லூரியில் படிக்கும் தன் மகள் போன் செய்தபோது லாட்ஜ்காரருக்கு உறைக்கவில்லை. மறுநாள் காலை துறைமுகத்தில் கப்பல் கம்பெனி இன்டர்வியூ. அவள் கனவு கண்ட வேலை. மத்தியானம் பரீட்சையை முடித்துவிட்டுக் கிளம்புகிறாள்.

“சாயங்காலம் நம்ம ஊர்ல பஸ் மாறிக்கிறேன்பா.”

“வாம்மா, சாப்பாடு கட்டி எடுத்துட்டு வரேன்.”

பொட்டலமும் கையுமாக பஸ் நிலையத்தில் வந்து நின்றார். டைம்கீப்பர் விசிலை வாயில் வைப்பதைக் கண்டதும்தான் அவருக்கு உறைத்தது.

“தம்பி, கொஞ்சம் நிறுத்தி வை. மலை பஸ்ல என் பொண்ணு வருது.”

டைம்கீப்பர் உண்ட வீட்டுக்கு விசுவாசமாக விசிலை இறக்கினார். அதற்குள் டீக்கடைக்காரர் ஓடி வந்துவிட்டார்; பின்னாலேயே கழிப்பிடக் குத்தகைக்காரர்.

“தலைவரே, ஒருத்தருக்காக நிறுத்தினா நாளைக்கு எல்லாருக்கும் நிறுத்தணும்னு சங்கத்துல மேஜையைத் தட்டிப் பேசினது நீங்கதானே?” என்றார் டீக்கடைக்காரர்.

“அது வெளியூர்க்காரங்களுக்குய்யா!”

“உங்க பொண்ணுக்காக நின்னா மொத்தக் கூட்டமும்ல ஏறிப் போயிடும்? காய்ச்சி வெச்ச பாலை நானா குடிக்கிறது?”

லாட்ஜ்காரர் பஸ்ஸுக்கு முன்னால் போய் மலைபோல நின்றார். “தலைவரே, தலைவரே” என்று அழைத்தபடியே நாலு பேர் அவரைத் தூக்கி ஓரமாக வைத்தார்கள். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. டீக்கடைக்காரர் முறைத்த முறைப்பில் விசில் தானாக ஊதியது.

புழுதி அடங்குவதற்குள் மலை பஸ் வந்துவிட்டது. மகள் பையோடு குதித்தாள். தூரத்தில் போகிற பஸ்ஸைத் துரத்திக்கொண்டு வாசல்வரை ஓடினாள். மூச்சிரைக்கத் திரும்பி வந்து அப்பாவின் முன்னால் நின்றாள். பெற்ற பெண்ணின் வாயில் மண்ணைப் போட்டுவிட்டோமே என்று அவருக்கு இருந்தது. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று வாயைத் திறந்தார். பழகிய வாய்.

“கவலைப்படாதம்மா, காலையில முதல் பஸ் இருக்கு.”

“இன்டர்வியூவே காலையிலதான்பா.”

லாட்ஜ் மேனேஜர் வாயெல்லாம் பல்லாக ஓடி வந்தார். “முதலாளி, இன்னிக்கு எல்லா ரூமும் ஃபுல்!”

அப்பா நீட்டிய பொட்டலத்தை மகள் வாங்கவில்லை. பெஞ்சில் இருந்தவர்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். அவர்களோடு சேர்ந்து அவளும் தலையில் கைவைத்து உட்கார்ந்துகொண்டாள்.