மோர்ப் பந்தலில் இரண்டு பானைகள்

கோவர்த்தனன் சித்தூரிலிருந்து திரும்பியபோது தாட்சாயணி மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தாள். கையைக் கழுவிவிட்டு வந்து கணவனுக்குச் சோறு போட்டாள். அவன் தட்டைத் தொடவில்லை.

"துன்னுட்டுப் பேசேன்டா" என்றார் அவன் தகப்பனார் செங்கல்வராயன்.

"எறங்கல நைனா. பட்டா விசயமா ஆபீசுக்குப் போனா, பெஞ்சில உக்காரச்சே பியூன் கைய நீட்டித் தடுக்கறான். 'அரவவாள்ளு பயட்ட நிலபடாலி'ங்கறான். தமிழாளுன்னா வெளியில நிக்கணுமாம். தண்ணி கேட்டேன். உள்ள பானை இருக்குது. தெருக்கொழாயில போய்க் குடின்னுட்டான்."

செங்கல்வராயன் துண்டை உதறித் தோளில் போட்டார். "இதுக்குத்தான் சொல்றேன், நம்ம ஊரு மெட்ராஸ் பக்கம் போவணும்னு."

ஆந்திர மாநிலம் பிரிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. எல்லை இன்னும் முடிவாகவில்லை. வடமாலபேட்டைக்கும் புத்தூருக்கும் நடுவில் இருந்த அந்த ஊரில் தெலுங்கு வீடுகளும் தமிழ் வீடுகளும் ஏறக்குறைய சமம். ஜனங்கள் என்ன பேசுகிறார்கள் என்று நேரில் பார்க்க ஓர் அதிகாரி வரப்போவதாகச் செய்தி வந்தது. சேரியில் இருந்தவர்கள் அத்தனை பேரும் தமிழ் பேசுகிறவர்கள். அவர்கள் வந்து நின்றால் தமிழ்ப் பக்கம் கை ஓங்கும்.

கோவர்த்தனன் முதல் தடவையாகச் சேரிக்குள் போனான். நரைத்த தலை ஏழுமலையும் அவர் மனைவி மணியம்மாவும் எழுந்து நின்றார்கள்.

"ஒரு நாள் கூலி போவும் சாமி. போவட்டும், வர்றோம்" என்றார் ஏழுமலை.

அதிகாரி வரும் நாளில் ஏரிக்கரையில் பந்தல் போட்டார்கள். மோர் தாட்சாயணியின் பொறுப்பு. பந்தலுக்குள் ஒரு பானை, பக்கத்தில் வீட்டிலிருந்து கொண்டுவந்த பித்தளை டம்ளர்கள். குறுக்கே கட்டிய கயிற்றுக்கு அப்பால், வெயிலில், இன்னொரு பானையும் கொட்டாங்கச்சிகளும். இரண்டிலும் ஒரே மோர்தான். ஒரே தயிரைக் கடைந்து அவளேதான் கரைத்தாள். பிரித்து ஊற்றும்போது அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. எல்லாத் திருவிழாவுக்கும் அப்படித்தான் ஊற்றுவாள்.

அதிகாரி வரத் தாமதமானது. கோவர்த்தனன் கூட்டத்துக்கு முன்னால் நின்று சித்தூரில் நடந்ததைச் சொன்னான். பெஞ்சு, நீட்டிய கை, தண்ணீர்ப் பானை எல்லாம் வந்தன. "நாமளும் மனுசங்கதான? எதுக்கு வெளியில நிக்கணும்?" என்று முடித்தான்.

கயிற்றுக்கு அப்பாலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. மணியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"இன்னாத்துக்குச் சிரிக்கிற?" என்றான் கோவர்த்தனன்.

"ஒண்ணுமில்ல சாமி. அந்தப் பியூனு எங்கியோ தூரத்துல பொறந்தவன்னு நெனச்சிக்கினு இருந்தேன். நம்ம ஊர்ல பொறந்து போனவன் போலக்கீதே."

மணியம்மா சிரிப்பை நிறுத்திவிட்டாள். "அவனாவது உனக்குக் கொழாயக் காட்டனான். எங்களுக்குக் கொட்டாங்கச்சி."

"ஏய், வாய மூடு" என்றார் செங்கல்வராயன்.

ஏழுமலை கயிற்றின் அருகே வந்தார். "நாங்க பேசறது தமிழு. அத யார் கேட்டாலும் சொல்லுவோம். ஆனா இங்க வெயில்ல நின்னு சொல்ல மாட்டோம். உள்ள வந்து உக்காந்துதான் சொல்லுவோம்."

கோவர்த்தனன் தகப்பனாரைப் பார்த்தான்.

"ஊரு ஆந்திராவுலயே கெடக்கட்டும்டா" என்றார் அவர். "இது ஆவாது."

அப்போதுதான் தாட்சாயணிக்கு மாமனார் சொன்னதன் எடை தெரிந்தது. இத்தனை நாள் எதற்காகச் சாப்பிடாமலும் தூங்காமலும் அலைந்தார்களோ, அதை ஒரு டம்ளருக்காக விடத் தயாராக இருந்தார். அவள் கயிற்றைத் தாண்டிப் போனாள். வெயிலில் இருந்த பானையைத் தூக்கிவந்து உள்ளே இருந்த பானையில் கவிழ்த்தாள். பாதி மோர் புடவையில் சிந்தியது.

"இனிமே ஒரே பானதான். தாகமா இருக்கறவங்க வாங்க" என்றாள். அவள் குரல் பாதிப் பேருக்குக் கேட்கவில்லை. டம்ளரில் மோந்து நீட்டினாள். "மணியக்கா, குடிங்க."

மணியம்மா டம்ளரைத் தூக்கி உதட்டில் படாமல் குடிக்கப் பார்த்தாள்.

"வாய வெச்சிக் குடிங்கக்கா."

அவள் குடித்து முடித்ததும் கோவர்த்தனன் அதே டம்ளரை வாங்கி, கழுவாமல், மோந்து குடித்தான். செங்கல்வராயன் எழுந்து வீட்டுக்கு நடந்தார். அவர் பின்னால் ஊர்த்தெருக்காரர்கள் நிறையப் பேர் போய்விட்டார்கள்.

அதிகாரி வந்தபோது கூட்டம் குறைவாகத்தான் இருந்தது. இருந்தவர்கள் பந்தலுக்குள் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். எல்லை எந்தப் பக்கம் போகும் என்று அன்று யாருக்கும் தெரியவில்லை.

டம்ளர்கள் வீட்டுக்குத் திரும்பின. தாட்சாயணி எப்போதும் போல் புளி போட்டுத் தேய்த்து அடுக்கினாள்.

"அத நான் தொட மாட்டேன். எனக்குக் கையில ஊத்து" என்றார் செங்கல்வராயன்.

ஒவ்வொரு வேளையும் அவர் தோட்டத்துப் பக்கம் போய்க் குந்தி, இரண்டு கையையும் குவித்து வாயருகே வைத்துக்கொள்வார். அவள் மேலே நின்று ஊற்றுவாள். தண்ணீர் முழங்கை வழியாக ஓடி வேட்டியை நனைக்கும்.

ஒரு மத்தியானம் உழுதுவிட்டு வந்தவருக்குத் தாகம் அதிகம். குடிக்கும்போது புரையேறியது. போதும் என்று சொல்லவும் முடியவில்லை. அவள் நிறுத்துவாளா என்று அண்ணாந்து அவள் முகத்தைப் பார்த்தார். அவள் நிறுத்தினாள்.

அவர் இருமி முடித்து, குந்தியபடியே கேட்டார்.

"அந்த ஏழுமலைக்கு என் வயசு இருக்குமா?"

"ஒண்ணு ரெண்டு கூடவே இருக்கும் மாமா."

"அவன் பொறந்ததுலேர்ந்து நம்ம வாசல்ல இப்பிடித்தான் குடிக்கறான்." கையிலிருந்த ஈரத்தைத் துடைத்துக்கொண்டார். "அண்ணாந்து, ஊத்தறவங்க மொகத்தப் பாத்துக்கினு. நாலு நாளு எனக்கே தாங்கல."

எழுந்து உள்ளே வந்து அடுக்கிலிருந்து ஒரு டம்ளரை எடுத்தார். எந்த டம்ளர் என்று பார்க்கவில்லை. மகனைக் கூப்பிட்டார்.

"கோவர்த்தனா, நாளைக்கு நம்ம ஊரு டீக்கடைக்காரன் கிட்ட நானே போய்ப் பேசறேன், சேரியாளுங்களுக்குன்னு வெச்சிருக்கற கொட்டாங்கச்சிய எடுத்துப் போடுன்னு. சித்தூர்ல உன்ன வெளியில நிக்க வெச்சா அநியாயம்ங்கறோம். நாம நிக்க வெச்சா வழக்கம்ங்கறோம். யாரு யாரை நிக்க வெச்சாலும் அது அநியாயந்தான்டா."