சுவரில் வராத சிவப்பு

சாவியைத் திருப்பியதும் என்ஜின் உடனே பிடித்துக்கொண்டது. பிரேக்கை மிதித்தபடி சிட்டு அந்த ஆட்டோமேட்டிக் காரின் கியரை இழுத்தாள். 'பார்க்'கை விட்டு அது நகரவில்லை. இன்னொரு தரம் இழுத்தாள். தண்டின் தலையிலிருந்த பொத்தானே உள்ளே போக மறுத்தது.

பின்சீட்டில் மாமியார் கதவில் முதுகைச் சாய்த்து, சீட்டின் நீளத்துக்கும் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். குளியலறையில் வழுக்கி விழுந்ததில் தொடை வரை மாவுக்கட்டு. டாக்டரிடம் காட்டிவிட்டு இறங்கும்போதே வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி ஊழியர் ஒருவர் சக்கர நாற்காலியில் தள்ளிவந்து, நிலத்தடித் தளத்தில் நின்ற காரில் அவரை ஏற்றிவிட்டு லிப்டில் மேலே போனார். அவர் போன கொஞ்ச நேரத்தில் மின்சாரமும் போனது.

"என்னம்மா, கிளம்பலையா?"

"கியர் விழமாட்டேங்குது அத்தை."

"மூத்தவளுக்கு இன்னிக்குத்தான் வீம்பு புடிக்கணுமா?"

சிட்டு இந்த வீட்டுக்கு வாழ வருவதற்கு முன்பே அவள் கணவன் வாங்கிய கார் அது. அதனால் மாமியார் அதை மூத்த மருமகள் என்பார். வேறு நாளாக இருந்தால் சிட்டு சிரித்திருப்பாள்.

முன்விளக்கைப் போட்டாள். எதிரே சரிவுப் பாதை வழியாகத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. ஓடையாக இல்லை; பாதையின் முழு அகலத்துக்கும், பழுப்பாக, சத்தத்தோடு. தரையில் அது பரவி, தூணோரம் கிடந்த அட்டைப்பெட்டி ஒன்றை மிதக்கவைத்துத் தள்ளிக்கொண்டு வந்தது.

என்ஜினை அணைத்துத் திரும்பப் போட்டாள். ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் ஆட்டினாள். கைப்பிரேக்கை ஏற்றி இறக்கினாள். இரண்டு கையாலும் கியரைப் பிடித்து இழுத்ததில் தோள்பட்டை வலித்ததுதான் மிச்சம். கணவன் கப்பலில் இருந்தான். கரையில் யாரைக் கூப்பிடலாம் என்று போனை எடுத்தால் அதில் ஒரு கோடு சிக்னல்கூட இல்லை.

கதவைத் திறந்து இறங்கினாள். தண்ணீர் கணுக்காலைத் தாண்டியது. "யாராவது இருக்கீங்களா?" என்று கத்தினாள். அவள் குரல்தான் திரும்பி வந்தது. பக்கத்தில் இருந்த கார்களில் ஆளே இல்லை. படிக்கட்டு எதிர்மூலையில், இருட்டுக்குள் இருந்தது.

பின்கதவைத் திறந்து மாமியாரின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கப்பார்த்தாள். கட்டுப்போட்ட கால் முன்சீட்டில் இடித்ததும் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு முனகினார். சிட்டு கையை எடுத்துவிட்டாள். தன்னைப்போல் ஒன்றரை மடங்காவது கனம் இருக்கும் ஒருவரைத் தூக்கிக்கொண்டு, இந்தத் தண்ணீரில், அத்தனை தூரமா?

"நீ போ. மேல போய் யாரையாவது கூட்டிட்டு வா."

"அதுக்குள்ள தண்ணி ஏறிட்டா?"

"ஏறினா ஏறட்டும். ரெண்டு பேரும் இங்கயே கிடந்து என்ன பண்றது? போடி!"

மாமியார் அவளை 'டி' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. சிட்டு படிக்கட்டுப் பக்கம் நாலடி வைத்தாள். ஓடிவிட வேண்டும் என்று உடம்பு முழுக்கத் துடித்தது. உதவிக்கு ஆள் கூட்டிவருவதற்காக இல்லை, வெறுமனே ஓடிவிட. அப்படித் தோன்றியதே அவளுக்குத் தண்ணீரைவிடப் பயமாக இருந்தது. திரும்பி வந்து ஓட்டுநர் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். பிரேக்கை ஓங்கி ஓங்கி மிதித்தாள்.

"நெசமாவே பிரேக்கைத்தான் மிதிக்கிறியா?"

"வேற எதை மிதிக்கிறேன்?"

"அப்போ பின்னால செவுத்துல பளிச்சுனு செவப்பா வரணும்ல? நானும் இவ்வளவு நேரமா அந்தச் செவுத்தத்தான் பாத்துட்டிருக்கேன். மங்கலா இருக்கறது அப்படியே மங்கலாத்தான் இருக்கு."

சிட்டு திரும்பிப் பார்த்துக்கொண்டே மிதித்தாள். சுவரில் மாற்றமே இல்லை. பிரேக் விளக்கு எரியவில்லை. அப்படியென்றால் பிரேக்கில் காலை வைத்திருப்பதே காருக்குத் தெரியவில்லை. தெரியாதவரை கியரை அது விடாது.

போன வருஷம் பேட்டரி செத்துப்போனபோது, கணவன் கியருக்குப் பக்கத்தில் எதையோ நெம்பி எடுத்து, உள்ளே குத்தி, காரைத் தள்ளிக்கொண்டு போனது அவள் நினைவுக்கு வந்தது. போன் வெளிச்சத்தில் தடவினாள். கியரை ஒட்டி நகம் அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் மூடி.

அவள் வேலைபார்ப்பது மூக்குக்கண்ணாடிக் கடையில். பிரேம் திருகும் குட்டி ஸ்க்ரூடிரைவர் எப்போதும் பையில் கிடக்கும். மூடியை அதனால் நெம்பினாள். இரண்டு தரம் வழுக்கியது. மூன்றாம் தரம் மூடி தெறித்து எங்கோ விழுந்தது. உள்ளே இருந்த துளைக்கு அந்த ஸ்க்ரூடிரைவர் எட்டவில்லை. வீட்டுச் சாவியை நுழைத்து அழுத்தினாள். அடியில் ஏதோ மெத்தென்று அமுங்கியது.

"அத்தை, கால்ல தண்ணி படுது."

"தெரியுது. பேசாம ஆகவேண்டியதைப் பாரு."

ஒரு கையால் சாவியை அழுத்திக்கொண்டே மறு கையால் கியரை இழுத்தாள். 'டக்'கென்று அது இறங்கியது.

ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் வண்டி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு புறப்பட்டது. சரிவில் ஏறும்போது சக்கரம் ஒரு கணம் வழுக்கி, கார் பின்னுக்கு வந்தது. மாமியார் கடவுளைக் கூப்பிடவில்லை; "சிட்டு, சிட்டு" என்று அவளையே கூப்பிட்டுக்கொண்டிருந்தார். காலை எடுக்காமல் மிதித்தாள். கண்ணாடி முழுக்கத் தண்ணீர் அறைந்தது. அது வடிந்தபோது எதிரே தெரு தெரிந்தது.

மேடான ஓர் இடத்தில், மூடிக்கிடந்த கடை வாசலில் நிறுத்தினாள். சிக்னல் வந்ததும் கொழுந்தனைக் கூப்பிட்டாள். மெக்கானிக்கைக் கையோடு அழைத்துவருவதாகச் சொன்னான்.

"நான் போன்னு சொன்னப்ப நீ போயிடுவேன்னுதான் நெனச்சேன்" என்றார் மாமியார்.

"நானும்தான் அத்தை."

மாமியார் முன்னால் கைநீட்டி வேர்த்து நனைந்திருந்த அவள் தலையைத் தன் முந்தானையால் துவட்ட ஆரம்பித்தார்.

கொழுந்தன் வந்து சேரும்வரை சிட்டு கியரை 'பார்க்'கில் போடவில்லை. கைப்பிரேக்கை முழுக்க ஏற்றிவிட்டு, 'நியூட்ரல்' தாண்டி அது போய்விடாதபடி கியரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். "விடும்மா, அதான் வெளிய வந்தாச்சே" என்று மாமியார் சொல்லிப் பார்த்தார். விரல்கள் விரியவில்லை. கடைசியில் மெக்கானிக்தான் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார்.