தளவாய் எழுதிய மினிட்ஸ் நோட்டு

சென்னையை ஒட்டிய இருங்காட்டுக்கோட்டையில் வேலை பார்க்கும் தெற்கத்திப் பிள்ளைகள் கூடி ஒரு நலச் சங்கம் பதிவு செய்தபோது, கையெழுத்து அழகாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகத் தளவாயைச் செயலாளராக்கிவிட்டார்கள். கார் சீட் தயாரிக்கும் கம்பெனியில் தையல் பிசகைக் கண்டுபிடிப்பது அவன் வேலை. கண்ணில் பட்டதை எழுதாமல் விட்டால் அங்கே சூப்பர்வைசர் திட்டுவார். அதே பழக்கத்தில் சங்கத்தின் மினிட்ஸ் நோட்டையும் எழுதினான். தீர்மானத்தை மட்டும் எழுதினால் போதும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முத்துச்செல்வி அவனைத் தேடி வந்தாள். சங்கரன்கோவில்காரி, சங்கத்தில் உறுப்பினர். பெண்களுக்கும் கபடி அணி வேண்டும் என்று போன கூட்டத்தில் அவள் பேச, எல்லோரும் கைதூக்கி ஒப்புக்கொண்டார்கள். அதற்குப் பிறகு ஒருவரும் அசையவில்லை. அந்தத் தீர்மானத்தை நோட்டில் பார்க்க வேண்டும் என்றாள்.

நோட்டு ஆடிட்டரிடம் இருக்கிறது என்றான் தளவாய். அடுத்த வாரம் கேட்டபோது, மழையில் நனைந்து காய்கிறது என்றான். வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

"ஆடிட்டர் வீட்டு மொட்டைமாடியிலயா காயுது?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

தளவாய் சங்கத் தலைவர் டில்லிபாபுவிடம் ஓடினான். உள்ளூர்க்காரர், கூட்டம் போடத் தன் வீட்டு மாடியைக் கொடுத்ததால் தலைவரானவர். பக்கத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதிக்கொள்ளலாமா என்று மெல்லக் கேட்டான்.

"இன்னாபா பேசற? பதிவு பண்ண சங்கம் இது. மெம்பர் கேட்டா நோட்டைக் காட்டியே ஆவணும். கிழிச்சா அது வேற கேஸு. அப்பிடி இன்னாதான் எழுதி வச்சிக்கீற?"

தளவாய் நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினான்.

பொதுக்கூட்டம் வந்தது. போன கூட்டத்தில் நடந்ததை வாசித்து ஒப்புதல் வாங்க வேண்டும். தொண்டை கட்டிவிட்டது என்று தளவாய் சைகை காட்டினான். முத்துச்செல்வி எழுந்து வந்து, நோட்டை அவன் கையிலிருந்து உருவித் தானே வாசித்தாள்.

'தலைவர் வரவேற்றுப் பேசினார். பேசும்போதே போண்டா தின்றார். கடைசிப் போண்டாவை அருள்பாண்டி எடுத்ததும் பேச்சை முடித்துக்கொண்டார். ரத்த தான முகாம் நடத்த முடிவானது. இதைக் கேட்டதும் கழிவறைக்குப் போன மாரிராஜ் திரும்பவில்லை.'

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. தான் தின்றது போண்டா அல்ல, பஜ்ஜி என்று டில்லிபாபு திருத்தம் கொண்டுவந்தார். அதை வழிமொழிய ஆளில்லை.

முத்துச்செல்வி பக்கத்தைத் திருப்பினாள். ஒரு கணம் தயங்கினாள். பிறகு அதையும் வாசித்தாள்.

'முத்துச்செல்வி பேசினார். குரல் நன்றாக இருந்தது. என்ன பேசினார் என்று நினைவில்லை. எல்லோரும் கைதூக்கியதால் நானும் தூக்கினேன்.'

விழுந்த பேனாவைத் தேடுவதுபோல் தளவாய் மேசைக்கு அடியில் குனிந்தான். பேனா அவன் சட்டைப்பையிலேயே இருந்தது.

"எந்திரிங்க," என்றாள் முத்துச்செல்வி. அவள் முகமும் சிவந்துதான் இருந்தது. "திரும்பச் சொல்லுதேன், எழுதுங்க. குரல விட்டுட்டு விசயத்தக் கேளுங்க."

அவள் சொல்லச் சொல்ல அவன் எழுதினான். பழைய பக்கம் அப்படியே இருக்கட்டும், திருத்தம் அதன் கீழே ஏறட்டும் என்று டில்லிபாபு தீர்ப்புச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். கூட்டம் முடிந்ததும் நோட்டைப் பார்க்க வரிசை நின்றது. தங்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் ஒருவரும் வீட்டுக்குப் போகத் தயாராக இல்லை. அன்று தனக்கு நிஜமாகவே வயிற்றுப்போக்கு என்று மாரிராஜ் சண்டைபிடித்து, அதையும் நோட்டில் ஏற்றிவிட்டுத்தான் நகர்ந்தான்.

கபடி அணி அந்த மாதமே உருவானது. மறைமலை நகர் அணியிடம் முதல் ஆட்டத்திலேயே மண்ணைக் கவ்வியது. முத்துச்செல்விக்குக் கால் பிசகியதால் தளவாய் அவள் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே மெயின் ரோடு வரைக்கும் நடந்தான். வழியெல்லாம் அவள் நடுவரைத் திட்டிக்கொண்டே வந்தாள். ஷேர் ஆட்டோ வந்தது. ஏறி உட்கார்ந்தவள் கொஞ்சம் நகர்ந்து இடம்விட்டாள். அவன் ரூம் எதிர்த்திசையில் இருந்தது. ஏறிக்கொண்டான்.